புள்ளிக் கணக்கும் வட்டிக் கணக்கும்

கூட்டுறவு வங்கியொன்றில் 34 ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பிறர் வாங்கிய கடனையும் கட்டிய வட்டியையும் பிசகாமல் எழுதி வைப்பதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அத்தகைய எனக்கு, சொந்த மகனின் கடன் ஒரு விடுதி அறையின் வாடகையைக் கணக்கிடும்போதுதான் தெரியவந்தது. அந்நிகழ்ச்சியைக் கூறினால், தொலைவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் துணைவியும் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகருக்கு அருகில் வாழும் மகன் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வாண்டு செப்டம்பரில் எங்கள் திருமணத்தின் 40-ஆம் ஆண்டு நிறைவு. ஒருநாள் இரவு உணவு முடிந்ததும் மகன் தன் கணிப்பொறியை என் பக்கம் திருப்பி வைத்தான். அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“அப்பா, செப்டம்பரில் உங்களையும் அம்மாவையும் நயாகராவுக்கு அழைத்துப்போகிறேன். அருவிக்கு அருகிலேயே பெரிய ஓட்டல். இரண்டு இரவுகள். வாடகை ஒரு காசு கிடையாது.”

“காசில்லாமல் அறை தருகிறவன் யார், ஐயா?” என்றேன்.

அவன் விளக்கினான். ஓட்டல் நிறுவனமொன்று வங்கியோடு சேர்ந்து கடன் அட்டை வழங்குகிறது. அதனைப் பெற்று முதல் மூன்று மாதங்களில் 3,000 டாலர் செலவிட்டால், வரவேற்புப் பரிசாக 1,00,000 புள்ளிகள். அப்புள்ளிகளைக் கொடுத்து அந்நிறுவனத்தின் விடுதிகளில் தங்கலாம். ஆண்டுக் கட்டணம் 95 டாலர்.

விடுதிகள் வாடிக்கையாளருக்குப் பரிசு தரும் வழக்கம் புதிதன்று. ஹாலிடே இன், மாரியட் ஆகிய நிறுவனங்கள் இத்திட்டங்களைத் தொடங்கியது 1983-இல். நாங்கள் மாலை மாற்றிக்கொண்டதும் அதே ஆண்டில்தான். ஹில்டன் நிறுவனம் 1987-இல் பின்தொடர்ந்தது. அடிக்கடி பயணம் செய்யும் வணிகர்க்கெனத் தோன்றிய இவ்வழக்கம், பின்னர் கடன் அட்டையோடு கைகோத்துக்கொண்டு நம் போன்றோர் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

மகனின் அன்பை நான் ஐயுறவில்லை. எனினும் பழைய தொழிற்பழக்கம் விடுமா? ஒரு குறிப்பேட்டை எடுத்து நடுவே கோடு கிழித்தேன். இடப்புறம் வரவு, வலப்புறம் பற்று. “வா ஐயா, இருவரும் எழுதிப் பார்ப்போம்” என்றேன். மருமகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.

முதலில் வரவு. ஒரு லட்சம் என்றதும் மனம் மயங்குகிறது. ஆனால் புள்ளி என்பது நாணயம் அன்று. அதன் மதிப்பு அதைக் கொண்டு என்ன வாங்க முடியும் என்பதைப் பொறுத்தது. அந்த ஓட்டலில் வார இறுதியில் ஓரிரவுக்கு வரியுடன் 275 டாலர், புள்ளிகளாயின் 55,000. அப்படியாயின் ஒரு புள்ளியின் விலை அரை சென்ட். ஒரு லட்சம் புள்ளிகள் 500 டாலருக்குச் சமம். முதலாண்டுக் கட்டணம் போக, கையில் நிற்பது 405 டாலர். அதுவும் நல்ல தொகையே. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இரண்டு இரவுக்கு வேண்டியவை 1,10,000 புள்ளிகள். செலவிடும் டாலருக்கு மூன்று புள்ளி வீதம் 3,000 டாலருக்கு 9,000 கிடைக்கும் என்றான் மகன். அதைக் கூட்டியும் 1,000 குறைந்தது! திங்கள், செவ்வாய் இரவுகளில் 40,000 போதும். ஆனால் அன்று அவனுக்கு விடுப்பில்லை. மேலும் இன்றைய விலை செப்டம்பரிலும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்த விடுதிக்கு எத்தனை புள்ளி என்னும் பட்டியலை முன்பு நிறுவனங்கள் வெளியிட்டு வந்தன. ஹில்டன் 2017-இலும் மாரியட் 2022-இலும் அப்பட்டியலைக் கைவிட்டுவிட்டன. ஆகவே கூட்டம் மிகும் நாளில் புள்ளியும் மிகும்.

அடுத்து, வலப்புறம். “மூன்று மாதத்தில் 3,000 டாலர் எங்கே செலவாகும்?” என்று கேட்டேன். வீட்டு வாடகையையும் காரின் தவணையையும் அட்டையில் கட்ட இயலாது. மளிகை, பெட்ரோல், தொலைபேசி எல்லாம் சேர்ந்து மாதம் 700 என்றாள் மருமகள். மூன்று மாதத்திற்கு 2,100. மிச்சம் 900?

“புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் சரியாகிவிடும், அப்பா.”

அங்கேதான் என் எழுதுகோல் நின்றது. இருக்கிற செலவின்மேல் பரிசு வருவது வேறு. பரிசுக்காகச் செலவைப் பிறப்பிப்பது வேறு. முன்னது இலாபம். பின்னது, பாத்திரம் இலவசம் என்று கேட்டுத் தேவையில்லாத புடவை வாங்குவது போன்றது.

“இப்போதுள்ள அட்டையின் கணக்கு அறிக்கையைக் காட்டு. மாதச் செலவை அதில் பார்த்துவிடலாம்” என்றேன். மகன் தயங்கினான். மருமகள் தலை குனிந்தாள். சற்றுப் பொறுத்து அவளே எழுந்து சென்று ஒரு தாளைக் கொணர்ந்து, “பாருங்கள், மாமா” என்று என் முன் வைத்தாள்.

பாக்கி 4,200 டாலர். வட்டி ஆண்டுக்கு 22 விழுக்காடு. அதன் கீழே கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை: குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர 15 ஆண்டுகளாகும், அதற்குள் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள், மாதம் 160 டாலர் வீதம் கட்டினால் மூன்றாண்டில் தீரும். இவ்விவரத்தை ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சிட வேண்டுமென்று அமெரிக்க நாடாளுமன்றம் 2009-இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தைச் செய்தவர்களுக்கு மனத்துக்குள் நன்றி கூறினேன்.

“இது எப்போது ஏற்பட்ட கடன், ஐயா?”

அவன் வாய் திறக்கவில்லை. மருமகள்தான் சொன்னாள். 2022-இல் எனக்கு இருதய அறுவை நடந்தபோது, மூவரும் மறுநாளே விமானம் ஏறியதற்கான கட்டணம் அது. பாதிக்கு மேல் கட்டிவிட்டார்களாம்; எஞ்சியது அசையாமல் நிற்கிறதாம்.

அந்த மருத்துவமனைக் கட்டிலருகே மகன் நின்றிருந்த காட்சி என் கண்முன் வந்தது. “அவ்வளவு செலவு செய்து ஏன் வந்தாய்?” என்று அன்று நான் கேட்டதும், “அலுவலகத்தில் கொடுத்தார்கள், அப்பா” என்று அவன் கூசாமல் பொய் சொன்னதும் நினைவுக்கு வந்தன. கடனைக் கண்டிக்க வாயெடுத்த நான் அக்கடனுக்கே காரணமாய் இருந்தேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

பின்னர் குறிப்பேட்டில் மிஞ்சியிருந்ததையும் எழுதி முடித்தேன். 4,200 டாலருக்கு ஆண்டு வட்டி மட்டும் 924 டாலர். புதிய அட்டையின் பரிசு 405. ஒரு கதவால் நானூறு நுழையும்போது மறுகதவால் தொள்ளாயிரம் வெளியேறுகிறது. புதிய அட்டையிலும் 3,000 டாலர் நிலுவையாக நின்றுவிட்டால், அதே வட்டி வீதத்தில் மாதம் 55 டாலர். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டி வந்தால், ஒன்பது மாதத்தில் 495 டாலர். பரிசு முழுவதும் கரைந்துபோகும்.

வங்கி தரும் பரிசு வானிலிருந்து பொழிவதன்று. வங்கி அப்புள்ளிகளை ஓட்டல் நிறுவனத்திடம் விலை கொடுத்தே வாங்குகிறது. அப்பணம் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் செலுத்தும் கட்டணத்திலிருந்தும், பாக்கி வைப்போர் கட்டும் வட்டியிலிருந்தும் வருகிறது. மாதந்தோறும் முழுப் பாக்கியையும் தீர்ப்பவன் அப்பந்தியில் விருந்தினன். பாக்கி வைப்பவனோ அவ்விருந்துக்குச் செலவு கொடுப்பவன். என் மகன் தன்னை விருந்தினன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அதுவரை பேசாதிருந்த என் துணைவி, “அருவி எங்கே ஓடிவிடப் போகிறது? அதைப் பார்க்கத்தானே போகிறோம், ஓட்டலைப் பார்க்கவா? சாதாரண விடுதி போதும்; சோறு கட்டிக்கொண்டு போவோம்” என்றாள். என் இரண்டு பக்கக் கணக்கை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

அவ்வாறே செப்டம்பரில் ஈரி ஏரிக்கரைச் சாலை வழியே புறப்பட்டோம். பஃபலோ நகரின் புறத்தே நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில், ஓரிரவுக்கு 118 டாலரைக் கையிலிருந்தே கொடுத்து ஐவரும் தங்கினோம். நயாகராவின் அமெரிக்கக் கரையிலுள்ள பூங்கா 1885-இல் ஏற்பட்டது. உள்ளே செல்லக் கட்டணமில்லை. கோட் தீவில் புல்தரை மீதமர்ந்து மருமகள் கட்டிவந்த புளிச்சோற்றை உண்டோம். அருவியின் விளிம்பில் நின்றபோது தூவானம் முகத்தில் தெறித்தது. “குற்றாலத்தில் குளிக்கலாம், இங்கே பார்க்க மட்டுந்தான்” என்றாள் என் துணைவி. மகன் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். கடன் ஒன்றுதான் என்றாலும், அதை மறைத்துச் சுமப்பது இரண்டாவது சுமை அல்லவா?

ஊர் திரும்புமுன் என் சேமிப்பிலிருந்து பணம் தருவதாகச் சொன்னேன், அவன் ஏற்கவில்லை. பழைய அட்டையை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாதம் 400 டாலர் வீதம் கட்டினான். சரியாகப் பன்னிரண்டு மாதத்தில், 2024 செப்டம்பரில், பாக்கி தீர்ந்தது. அதன் பின்னரே ஓட்டல் அட்டைக்கு விண்ணப்பித்தான். இம்முறை தொலைக்காட்சிப் பெட்டி தேவைப்படவில்லை. மளிகைச் செலவோடு, கட்டியே தீரவேண்டிய கார்க் காப்பீடும் சேர்ந்து 3,000 டாலரைத் தாண்டியது. அம்மூன்று மாதமும் பாக்கியை முழுமையாகத் தீர்த்தான். ஒரு லட்சம் புள்ளிகள் வந்து சேர்ந்தன. இதைத் தொலைபேசியில் சொன்னபோது, “நீங்கள் அடுத்த முறை வரும்வரை அப்படியே வைத்திருக்கிறேன், அப்பா” என்றான்.

ஆயுள் முழுதும் சேமிக்கச் சொன்னவன் நான். அன்று முதன்முறையாக மாற்றிச் சொன்னேன்: “வேண்டாம், ஐயா. பொன்னைச் சேர்த்து வை; புள்ளியைச் சேர்த்து வைக்காதே. அதற்கு வட்டி வளராது. இன்று 55,000 கேட்கும் அறைக்கு நாளை 70,000 கேட்பான். சில நிறுவனங்களில் 24 மாதம் கணக்கில் அசைவில்லையேல் புள்ளியே அழிந்துபோகும். பள்ளி விடுமுறையில் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வா. அம்மாவும் நானும் அருவியைப் பார்த்தாயிற்று.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, அப்பா” என்றான்.