ஊருக்குப் போகிறவன்

அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவனை அம்மையார்குப்பம் இரண்டு கேள்விகளால் எதிர்கொள்ளும். "எப்ப வந்த? எப்ப போற?" முதல் கேள்விக்கு வாய் திறப்பதற்குள் இரண்டாவது வந்து விழுந்துவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊராகையால் சில திண்ணைகளில் "எப்புடு வச்சினாவு?" என்று தெலுங்கிலும் விசாரணை நடக்கும். எம்மொழியில் தொடங்கினாலும் பேச்சு புறப்படும் தேதியில்தான் போய் நிற்கும்.

சிங்கப்பூரில் தமிழ் கற்பித்துப் பிழைக்கிறேன், பதினான்கு ஆண்டுகளாயிற்று. பொருள்வயிற் பிரிவையும், வினைமுற்றி மீளும் தலைவனின் தேரையும் மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் ஒரு குறை உறுத்தும். தேரிலிருந்து இறங்கியவன் பெட்டியைத் திறந்து யாருக்கு என்ன கொடுத்தான், யார் முகம் சுளித்தார் என்பதை நான் படித்தவரையில் எந்தப் புலவரும் பாடவில்லை. அக்காலத்தில் கோடாலித் தைலம் இல்லாதது அவர்களுடைய நல்லூழ். எங்கள் தெருவில் முழங்கால் வலியுள்ளவர்களின் கணக்கு என் பெட்டியின் எடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதே தைலம் இப்போது இங்கேயே கடைகளில் கிடைக்கிறது. "அது வேற, இது வேற" என்பார்கள். விமானத்தில் வந்தால்தான் தைலத்திற்கு வீரியம் போலும்.

தேநீர்க்கடையில் இம்முறை எனக்கு வேறொரு பாடம். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொல்பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்த கட்டம்போட்ட அட்டையைச் சுட்டினார். என் கைப்பேசியில் அதற்கான செயலி இல்லை. கறவை மாட்டோடு நின்றிருந்த முதியவர் ஒருவர் தம் கைப்பேசியை அட்டைக்கு நேரே காட்டி எனக்கும் சேர்த்துப் பணம் செலுத்தினார். "சிங்கப்பூர்ல இதெல்லாம் இன்னும் வரலியா நைனா?" என்று பரிவோடு வினவினார். அந்நாட்டின் மானத்தைக் காக்க நான் சொன்ன விளக்கம் அவர் காதில் ஏறவில்லை.

தாய்மாமனுக்கு ஒரு கைலி வாங்கிப் போயிருந்தேன், சிராங்கூன் சாலையில். நான்கு விசைத்தறிகள் உள்ள கொட்டகை அவருடையது. இரண்டு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. பேச வேண்டியதைக் கத்தித்தான் பேச வேண்டும். துணியைப் பிரித்தார்; வெளிச்சத்தில் பிடித்தார்; கரையைக் கட்டைவிரலால் நீவினார். பாவு, ஊடை இரண்டையும் நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துச் சரக்குடா இது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் தாண்டிப் போன துணியைக் கடல் தாண்டித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்! அவரும் சிரித்தார். பிறகு விலையைக் கேட்டார். வெள்ளியை ரூபாயாக்கிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் துணியைப் பழைய மடிப்பு பிசகாமல் மடித்தார். ஓடாத தறியின்மேல் அதை வைத்துவிட்டு அறுந்த இழையை முடியப் போய்விட்டார். நெசவுக் கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அயல்வாசம் பற்றிப் பேச எங்கள் வீட்டில் உண்மையான தகுதி அம்மாவுக்கே உண்டு. அவர் 1952இல் சென்னை மாநிலத்தில் பிறந்தவர். 1953இல் திருத்தணி வட்டாரம் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1956இல் அது ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம், 1959ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலம். 1969இல் தமிழ்நாடு. மாவட்டமும் சித்தூர், செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர் என்று மாறிக்கொண்டே வந்தது. இத்தனை பெயர்வும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடி! கடவுச்சீட்டு என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. தொடக்கப் பள்ளியில் முதலில் கற்றது தெலுங்கு எண்களை. இன்றும் பணத்தை "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்றுதான் எண்ணுவார். ஏன் என்று கேட்டால், "தமிழ்ல எண்ணுனா கணக்கு தப்பிடுது" என்பார்.

அந்த அம்மா இம்முறை எனக்காக இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றை வாங்கி, அடுக்களையில் தனியே வைத்திருந்தார். எனக்கென ஒரு குவளை, அதன்மேல் மூடி. அவர் குடிப்பது வழக்கம்போல் குழாய்த் தண்ணீர். நானும் அதையே எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"உனக்கு ஒத்துக்காது கண்ணு."

"இதைக் குடிச்சுத்தானம்மா வளர்ந்தேன்."

"அது அப்போ."

இலக்கண ஆசிரியன் எனக்கு அந்த 'அப்போ'வுக்கு மறுப்பு தோன்றவில்லை. கேன் தண்ணீரையே குடித்தேன்.

சிங்கப்பூரில் விடுப்பு எழுதிக் கொடுக்கும்போது, சக ஆசிரியர்களிடம் "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். புறப்படும் நாளில் எதிர்வீட்டுப் பெண்மணி வாசலுக்கு வந்து அம்மாவிடம் விசாரித்தார். முறுக்குப் பொட்டலத்தை என் பையில் அமுக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "புள்ள இன்னிக்கு ஊருக்குப் போவுது."