பட்டறை வாசலும் பள்ளிக்கூட வாசலும்

நான் பிளஸ் டூவில் படித்தது தொழிற்கல்விப் பிரிவு, ஜெனரல் மெஷினிஸ்ட். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆயின. வாடிப்பட்டிச் சந்தையில் சொந்தக்காரர் யாராவது "என்ன குரூப்புப்பா?" என்று கேட்டால் "பிளஸ் டூங்க மாமா" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடம் அது என்று ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே இந்தப் பிரிவும் வந்தது. பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளையின் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் பள்ளி லேத்து ஓடிய நாள் குறைவு. டூலைச் சாணை பிடிப்பதைக் கரும்பலகைப் படத்தில் படித்தோம். மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் என்று பரீட்சையில் சரியாக எழுதினேன். அந்த அளவு எத்தனை பெரியது என்று என் கைக்குத் தெரியாது.

எங்கள் தொழிற்கல்வி ஆசிரியர் தமக்குப் பழக்கமான மதுரைக் கடைசல் பட்டறை ஒன்றில் விடுமுறைக்கு என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே மேஸ்திரி அண்ணன் இரண்டு ஷாஃப்டுகளை என் முன் வைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் பேரிங் தட்டித்தான் ஏறியது. மற்றதில் வழுக்கிக்கொண்டு போனது. "ரெண்டு பாயிண்ட்டுதான் தம்பி வித்தியாசம். கூட இருந்தா இன்னும் சீவலாம், குறைஞ்சா என்ன பண்ணுவ?" என்றார். வாசல் பெஞ்சில் ஒரு சம்சாரி காத்திருந்தார். மோட்டார் ஷாஃப்ட் தேய்ந்து, தண்ணீர் இறைக்க முடியாமல் அவர் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் கடைந்துகொண்டிருந்தது அவருடைய ஷாஃப்டைத்தான். அதுவரை மதிப்பெண்ணாக இருந்த பாடம் அன்று எனக்குப் பொறுப்பாக மாறியது. என் கூச்சம் குறையத் தொடங்கியதும் அந்தப் பட்டறையில்தான்.

பின்னால் யோசித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தப் பட்டறைக் கதவு திறந்தது ஓர் ஆசிரியரின் சொந்தப் பழக்கத்தால். அவர் ஓய்வு பெற்றதும் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லை. ஜெர்மனியில் பயிற்சி மாணவர் முதலில் தொழில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள் வேலையிடம். ஆசிரியர் மாறினாலும் அந்த ஏற்பாடு மாறாது. நமக்கு வேண்டியது அந்த எழுத்துப்பூர்வமான உறவு.

இன்று வழி இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐ.டி.ஐ.) 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்டன. இரண்டு வருட ஐ.டி.ஐ. படிப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே. தொழிற்கல்வியோடு படிப்பு நின்றுவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில் நாலைந்து பேர்தான். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. அதனால் அவர்களிடம் கேட்கத்தான் முடியும், கேட்கிறேன். வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர்ப் பட்டறை முதலாளிகளே, உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு பிள்ளைகள் விடுமுறையில் வந்து பழக இடம் தருவதாக எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிள்ளையை ஒருமுறை மதுரை கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பெண்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.