ஒண்ணும் பண்ணமாட்டான்

என் நாயைக் கண்டு மற்றவர்கள் பயந்தது எனக்குப் பிடித்திருந்தது. நடந்ததற்கெல்லாம் வேர் அதுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பன் ஜெர்மன் ஷெப்பர்ட். எடை 92 பவுண்டு, கிட்டத்தட்ட 42 கிலோ. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டிய வீட்டுக்கு ஒரு கெத்து இருந்தது. அது கலிபோர்னியாவில் எனக்குக் கிடைத்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு நினைப்பு. நாய்களை அவிழ்த்து விளையாடவிடும் டாக் பார்க்குக்குள் நாங்கள் நுழைந்தால், சின்ன நாய்க்காரர்கள் குனிந்து தங்கள் நாய்களைத் தூக்கிக்கொள்வார்கள். "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணமாட்டான்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவேன்.

"எல்லாரும் ஒதுங்கிப் போறாங்க, கவனிச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர்களுக்கு நாயைப் பற்றித் தெரியாது என்றேன்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த நாய்க்காரரைத் திட்டி நீளமாக எழுதியது நான்தான். எழுதிவிட்டு, அன்று மாலையே கருப்பனை அவிழ்த்துவிடக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத பெர்க்லியில், ஓலோன் பூங்காவில் 1979-ல் தொடங்கியதைத்தான் முதல் டாக் பார்க் என்று சொல்வார்கள். இன்று பல டாக் பார்க்குகளில் பெரிய நாய்க்கு ஒரு வேலி, சின்ன நாய்க்கு ஒரு வேலி, வாசலில் இரட்டைக் கேட். இரண்டு கேட்டுக்கும் நடுவில் நின்று லீஷைக் கழற்றிவிட்டுத்தான் நாயை உள்ளே விட வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய்கள் மொய்க்கும்போது, கட்டியிருக்கும் நாய்க்கு விலகவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை; அங்கேயே சண்டை மூளும். நானோ கருப்பனை லீஷோடு மைதானத்தின் நடுவரை நடத்திப்போய், எல்லோரும் பார்க்கக் கழற்றுவேன். கழுத்தில் முள் பட்டை வேறு. விளையாட்டில் இன்னொரு நாயின் தாடை அதில் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு பெரியவர் எச்சரித்தார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

கருப்பன் கெட்ட நாயில்லை. ஷெப்பர்டுக்கு நிதானம் வர இரண்டு வயதாவது ஆகும். உடம்பு அதற்கு முன்பே வளர்ந்துவிடும். அந்த இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். நிஜமான விளையாட்டில் நாய் முன்னங்கால்களை மடக்கிப் பின்புறத்தைத் தூக்கி அழைக்கும். வாய் தளர்ந்து திறந்திருக்கும். துரத்திய நாய் அடுத்த சுற்றில் துரத்தப்படும். பெரியது தானே மல்லாந்து படுத்துச் சின்னதுக்கு இடம் கொடுக்கும். நடுநடுவே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொள்ளும். கருப்பனோ துரத்துவான், துரத்தப்பட்டதே இல்லை. மற்ற நாயின் தோள்மேல் தாடையை வைத்து, வாயை இறுக மூடி, வால் விறைத்து நிற்பான். இதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, விளையாடுகிறான் என்று சொன்னேன். சந்தேகம் வந்தால் பெரிய நாயைப் பிடித்து நிறுத்தினாலே போதும். சின்னது திரும்பி வந்தால் விளையாட்டு. வேலியோரம் ஓடி ஒண்டினால் இல்லை. அரை நிமிடம்கூட ஆகாத வேலை, ஒருநாளும் செய்ததில்லை.

அடுத்த ஜனவரி மழையில் சின்ன நாய்ப் பகுதி சேறாகிப் பூட்டிக் கிடந்தது. எல்லா நாய்களும் ஒரே வேலிக்குள். அப்படியே திரும்பியிருக்க வேண்டும். உள்ளே போய், போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதான ஒரு அம்மாவின் டாக்ஸ்ஹண்ட், ஐந்து கிலோ இருக்கும், கருப்பனைக் கண்டு மிரண்டு கீச்சிட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. கீச்சிட்டு ஓடும் சின்ன உருவம் பெரிய நாயின் கண்ணுக்குச் சட்டென்று இரையாகிவிடும். நான் நிமிர்ந்தபோது அதன் முதுகைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு தெரிந்தது: வெறியில் இருக்கும் நாய் பிடித்த கையையே திரும்பிக் கடிக்கும், கவ்விய சதையும் கிழியும். பக்கத்திலிருந்த ஓர் இளைஞர் கருப்பனின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினார். தடுமாறியவன் வாயைத் திறந்தான்.

பழுப்பு மயிருக்குள் இரண்டு சிறு துளைகள். ரத்தம்கூட அதிகமில்லை. அந்த அம்மா மண்டியிட்டு நாயைத் தன் ஸ்வெட்டருக்குள் பொதிந்துகொண்டிருந்தார். அப்போது நான் சொன்னது: "உங்க நாய் ஓடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

பெரிய நாய் கவ்வி உதறினால் வெளியே துளைதான் தெரியும். உள்ளே தோல் தசையிலிருந்து பிய்ந்து, விலா முறிந்து, நுரையீரல்வரை அடி இறங்கியிருக்கும். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்துவிட்டது. செலவு முழுவதையும் கொடுத்தேன். கொடுத்ததோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டில், யாரும் எதிர்பார்க்காத விபத்து என்று சொன்னேன். போன் பார்த்துக்கொண்டிருந்ததையும், அந்த அம்மாவிடம் நான் சொன்னதையும் மனைவியிடம் சொல்லவில்லை.

இப்போது கருப்பனை எந்த டாக் பார்க்குக்கும் கூட்டிப்போவதில்லை. ஒருமுறை அப்படிக் கவ்விய நாயை அடுத்தவர் நாய்களுக்கு நடுவே அவிழ்த்துவிடும் உரிமை எனக்கு இல்லை. விடியற்காலையில் ஆளில்லாத திடலில் நீளக் கயிறு கட்டி ஓடவிடுகிறேன். வாய்மூடிக்குப் பழக்கிவிட்டேன். எதிரே சின்ன நாய் வந்தால் நாங்கள்தான் சாலையின் மறுபக்கம் போகிறோம்.

அந்த அம்மாவின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. பணம் அனுப்பும்போது கொடுத்தார். அவர் நாய் மேல் பழிபோட்டதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை முதலில் மனைவியிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அவரைக் கூப்பிடப் போகிறேன்.