யாருக்கும் தெரியாமல் நடந்த பந்தயம்

பிரிட்டனின் பழைய டைம் டிரயல் சைக்கிள் படங்களை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். பந்தயம் எங்கே? ஆளில்லாத ரோடு. ஓரத்தில் வேலிச்செடி. விடிந்தும் விடியாத வெளிச்சம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை போட்ட ஒரே ஒரு ஆள் குனிந்து சைக்கிள் மிதித்துக் கொண்டு போகிறார். கூட்டம் இல்லை, தோரணம் இல்லை, பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு ஆள்கூட இல்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற தொழிலாளி என்று சொன்னால் நம்பி விடலாம்!

1930கள் வரைக்குமான படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அப்படித்தான் இருந்தாக வேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பந்தயம் அது.

கதை ஒரு குதிரையிலிருந்து ஆரம்பிக்கிறது. 1894 ஜூலையில் லண்டனுக்கு வடக்கே போகிற கிரேட் நார்த் ரோட்டில் 50 மைல் பந்தயம் நடந்தது. வேகமாக வந்த சைக்கிள்காரர்களைப் பார்த்து ஒரு பெண்மணி ஓட்டி வந்த வண்டியின் குதிரை மிரண்டது. சைக்கிள்காரர்கள் விழுந்தார்கள், அந்த அம்மாள் புகார் கொடுத்தார், போலீஸ் வந்தது. விழுந்தவர்களில் ஒருவர் எஃப். டி. பிட்லேக். ரோட்டில் பந்தயமே வேண்டாம் என்று சைக்கிள் சங்கம் ஏற்கெனவே சொல்லிக் கொண்டிருந்த காலம். அப்படியே விட்டால் ரோடு பந்தயம் செத்துவிடும் என்ற நிலையில் பிட்லேக் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் சேர்ந்து கிளம்பினால்தானே அது பந்தயம்? ஒவ்வொருவராக, ஒரு நிமிட இடைவெளி விட்டுக் கிளம்பினால்? பார்க்கிறவனுக்கு யாரோ ஒருவர் சைக்கிளில் போகிறார், அவ்வளவுதான். 1895 அக்டோபரில் முதல் பந்தயம் அப்படி நடந்தது. 25, 50, 100 மைல் என்று தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடுவது ஒரு வகை. 12 மணி, 24 மணி என்று நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடுவது இன்னொரு வகை.

அதற்குப் பிறகு இவர்கள் ஒளித்த ஒளிப்பு இருக்கிறதே, அது தனிக்கதை. உடை கறுப்பு. அந்தக் கறுப்பு அல்பாகா துணிச் சட்டையைப் பழைய படங்களில் பார்க்கலாம். நேரம் ஞாயிறு விடியற்காலை. கலந்து கொள்பவர்களுக்கு அனுப்பும் தாளில் 'ரகசியம்' என்று அச்சடித்திருக்கும். பந்தயம் நடக்கிற ரோட்டுக்கு ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார்கள். ஒரு எழுத்து, கூடவே ஒரு எண். 'இ72' என்றால் விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும் எந்த ரோடு என்று புரியும். (கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள்கூட இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா தெரியவில்லை.) ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி குற்றமே கிடையாது. ஆனாலும் குற்றவாளிகள் மாதிரி நடந்து கொண்டார்கள். அந்தப் பயம் ஒரு தலைமுறையோடு போகவில்லை. 1942-ல் பெர்சி ஸ்டாலர்ட் என்பவர், யுத்த காலத்தில் ரோடுதான் காலியாகக் கிடக்கிறதே என்று, லங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்டனுக்கு எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பி ஒரு பந்தயம் நடத்தினார். போலீஸ் தடுக்கவில்லை, ஒத்துழைத்தது. ஸ்டாலர்ட்டை விலக்கி வைத்தது சைக்கிள் சங்கம்தான்!

இப்படி மறைத்து நடத்தியதைப் போய் யாரோ படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். கிளப் நண்பர்கள், பத்திரிகைக்காரர்கள், ரோட்டோரம் குளிரில் கேமராவோடு நின்றிருக்கிறார்கள். மற்ற விளையாட்டுப் படங்களில் யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதில் தெரியாது. ஜெயித்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், அதே ரோடு, அதே குனிந்த முதுகு, அதே பல்லைக் கடித்த முகம். முடிவு இருப்பது படத்தில் இல்லை, ரோட்டோரத்தில் நிற்கும் பெரியவரின் கையிலிருக்கும் கடிகாரத்தில்.

ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தடயம் உண்டு. முதுகில் கட்டியிருக்கும் எண். பெரிய பந்தயங்களில் 120 பேர் வரை இருப்பார்கள். வேகமானவர்களைச் சேர்ந்தாற்போல விட்டால் ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு காற்றை ஏமாற்றி விடலாம் அல்லவா? அதனால் அவர்களைப் பிரித்து 10, 20, 30 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களைக் கொடுப்பார்கள். 120-ஆம் எண் கடைசியாகக் கிளம்பும் நட்சத்திரம். 5-ல் முடிகிற எண் அடுத்த தரம். 37, 64 என்றெல்லாம் இருந்தால், பாவம், ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்காத ஆள்.

கிளம்பும் இடத்துப் படங்கள் இன்னும் சுவாரஸ்யம். இரண்டு காலும் பெடலில். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார். நேரம் பார்ப்பவர் கடைசி ஐந்து நொடியை எண்ணுகிறார். பிடித்திருப்பவர் தள்ளிவிடக் கூடாது, விடத்தான் வேண்டும். பந்தயத்துக்குப் போகிற வழியில் எடுத்த படங்களில் ஒரு விசித்திரம் உண்டு. முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சக்கரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு சக்கர சைக்கிளா என்று தோன்றும். பந்தயத்துக்கான லேசான சக்கரங்கள் அவை, தேய்ந்து விடக் கூடாது. கார் வாங்க வசதியில்லாத தொழிலாளிகள் சனிக்கிழமை வேலை முடிந்து, சாதாரண சக்கரங்களில் மைல் கணக்கில் மிதித்துப் போய், எங்காவது படுத்து எழுந்து, விடியற்காலையில் சக்கரத்தை மாற்றி, உயிரைக் கொடுத்து ஓட்டிவிட்டு, திரும்ப மாற்றிக் கொண்டு வீட்டுக்கும் மிதித்தே போனார்கள். இதில் காசும் கிடையாது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதை லாபமாகக் காட்ட முடியாது.

அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்துதான் ரே பூட்டி வந்தார். 1956 ஆகஸ்ட், பாத் ரோடு 100 மைல். கியர் மாற்ற முடியாத, மிதிப்பதை நிறுத்தவும் முடியாத ஃபிக்ஸ்டு வீல் சைக்கிளில் 3 மணி 58 நிமிடம் 28 நொடி. நாலு மணிக்குள் 100 மைல் முடித்த முதல் ஆள். மூக்குக் கண்ணாடியோடு இருக்கும் அவர் படங்களைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறார்.

1970கள் படங்களில் ரோடு மாறிவிடுகிறது. நாலு வழிச் சாலை, கார், லாரி. ஓட்டுபவர்களும் அதையே தேடிப் போனார்கள். கடந்து போகும் லாரி இழுக்கும் காற்று சைக்கிளையும் கொஞ்சம் இழுக்குமே! 1978-ல் ஆல்ஃப் எங்கர்ஸ் என்ற ரொட்டிக்காரர் 25 மைலை 49 நிமிடம் 24 நொடியில் முடித்தார். ஒரு குதிரை மிரண்டதால் ஆரம்பித்த விளையாட்டு லாரிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தது. பிட்லேக் இதைப் பார்க்க இல்லை. 1933-ல் சைக்கிளில் போகும்போது கார் மோதி, சில வாரங்களில் இறந்து விட்டார்.

படங்களில் அதிகமாகத் தென்படும் பெண் பெரில் பர்ட்டன். யார்க்ஷயரில் மார்லி என்ற ஊரில் ரூபார்ப் தோட்டத்தில் மண்வெட்டி வேலை செய்தவர். சின்ன வயதில் ரூமாட்டிக் காய்ச்சலில் நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 1959 முதல் 1983 வரை வருடாவருடம், மொத்தம் 25 தடவை, நாட்டின் சிறந்த டைம் டிரயல் வீராங்கனை பட்டம் அவருக்குத்தான். 1967-ல் ஒரு 12 மணி நேரப் பந்தயத்தில் ஆண்களுக்குப் பின்னால் கிளம்பி ஒவ்வொருவராகக் கடந்து போனார். கடைசியில் முன்னால் இருந்தவர் மைக் மெக்னமாரா. அன்றைக்கு ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கிப் போய்க் கொண்டிருந்தவர். சும்மா கடந்து போக பெரிலுக்கு மனசு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக் கொண்டார். பெரில் 277.25 மைல், மெக்னமாரா 276.52. ஆண்களில் ஒருவர் பெரிலின் தூரத்தைத் தாண்ட 1969 ஆனது. பெண்களுக்கு 2017.

டைம் டிரயல் உலகச் சாம்பியன் போட்டியில் சேர்ந்தது 1994-ல்தான். அப்போது பெரிலுக்கு வயது 57. ஒளித்து விளையாடியதற்கு யாராவது விலை கொடுத்தார்கள் என்றால் அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அவரைப் போன்றவர்களின் படங்கள் புத்தகங்களில் ஏறிவிட்டன. மிச்சமெல்லாம் 37-களும் 64-களும்தான். ஆட்களுக்கு நடுவில் ஒரு நிமிட இடைவெளி இருந்ததால் கேமராக்காரருக்கு அவசரமே இல்லை. ஒருவரை எடுத்து, ஃபிலிமைச் சுற்றி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கொள்வதற்குள் அடுத்த ஆள் வளைவில் தெரிவார். பூஜ்யமா, ஏழா என்று பார்க்காமல் அவரையும் எடுத்திருக்கிறார்கள்.