நோன்பும் குளிசையும்

எங்கட சவளக்கடைப் பக்கம் சீனி வருத்தக்காரர் நிறைய. நோன்பு வந்தா காலைக் குளிசைய எப்ப போடுற, இன்சுலின எவ்வளவு குறைக்கிற என்டு டொக்டரிட்ட கேக்கிறவங்க குறைவு. "நோன்பே பிடிக்காதீங்க" என்டு ஒரே வெட்டா வெட்டிருவார் என்ட பயம்தான்.

போன ரமழானில மாமிய ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "தலை சுத்துது" என்டு அவ சொல்லி முடிக்கல்ல, டொக்டர் துண்டு எழுதத் தொடங்கிட்டார். பாவம், பகல் முழுக்க ஆஸ்பத்திரி டியூட்டி, வெளியில வாங்கு நிறைய ஆக்கள். படியிறங்கும்போது மாமி மெல்லமா சொல்றா: "ரெண்டு நேரக் குளிசையையும் ஸஹருக்குச் சேர்த்துப் போட்டுட்டன் மகன்." திரும்ப உள்ள போனம். அப்பதான் அவர் பேனையக் கீழ வெச்சார்.

1984இல அமெரிக்காவில பெக்மன், ஃபிராங்கெல் ரெண்டு பேரும் ஆராய்ஞ்சு பார்த்தாங்க. நோயாளி வாயத் திறந்து சராசரி 18 செக்கனில டொக்டர் குறுக்கிட்டாராம். மாமிக்கு அதுவும் கிடைக்கல்ல.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் நோன்பு வழிகாட்டி, ரமழானுக்கு 6 முதல் 8 கிழமைக்கு முன்னமே டொக்டரோட கதைக்கச் சொல்லுது. அதாவது ரஜபிலயே. விரல்ல குத்தி சீனி பார்த்தா நோன்பு முறியாது, 70க்குக் கீழ இறங்கினா உடனே நோன்பத் திறக்கணும் என்டும் அதில இருக்கு.

டிஸ்பென்சரி வெச்சிருக்கிற டொக்டர்மாரிட்ட ஒரு வேண்டுகோள். ரஜப் பிறந்ததும் நம்பர் குடுக்கிற மேசையில ஒரு மட்டை வைங்க: "நோன்பு பிடிப்பீங்களா? உள்ள வந்ததும் முதல்ல அதச் சொல்லுங்க."