பைக் கட்டுறவங்க பொழப்பு

மொரப்பூர் என்றால் பாதிப் பேருக்கு ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில், ராத்திரித் தூக்கத்தில் கடந்து போகிற ஒரு மஞ்சள் போர்டு. தர்மபுரிக்காரர்களுக்கும் அரூர்க்காரர்களுக்கும்தான் அது இறங்குகிற இடம். 1906-ல் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் விட்டார்கள், பிறகு அது ஓசூர் வரை நீண்டது, 1941-ல் அதையும் மூடிவிட்டார்கள். அப்புறம் பஸ்தான். பஸ் போகாத ஊருக்கு டூவீலர்தான். அதனால் இந்தப் பக்கத்தில் வண்டியைத் தெரிந்தவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

இந்த மாதிரி ஊர்களில் பைக்கை மாற்றிக் கட்டுவது இரண்டு விதம். முதல் விதத்தை யாரும் "கஸ்டம்" என்று சொல்வதே இல்லை. டி.வி.எஸ் எக்ஸெல்லில் பால் கேன் மாட்ட இரண்டு பக்கமும் கம்பி வளைத்து வெல்டிங் வைப்பது, காய்கறிக் கூடை உட்கார பின்னால் இரும்புச் சட்டம் அடிப்பது, நடக்க முடியாதவர்கள் ஓட்ட ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கச் சக்கரம் சேர்ப்பது. இதெல்லாம் வேலை. இரண்டாவது விதம்தான் பேஸ்புக்கில் லைக் வாங்குகிற விதம். ஆர்.எக்ஸ் 100-ஐ எலும்பு வரைக்கும் கழற்றி, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்து, டேங்கை மாற்றி, சைலன்சரை வெட்டி, சீட்டை ஒற்றை ஆளுக்குக் குறைத்து... பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்கிற பையன் முதல் வருஷச் சம்பளத்தை இதில்தான் கொட்டுவான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சத்தம் நாலு தெரு தள்ளிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை :)

ஆர்.எக்ஸ் 100 மேல் இத்தனை பைத்தியம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: வெறும் 98 சிசி, ஆனால் 11 குதிரைசக்தி, அதுவும் நூறு கிலோவுக்குச் சற்றே மேலான எடையில். 1985-ல் வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் உள்ளே பாகங்கள் குறைவு, கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இன்று ஐம்பது வயதைத் தொடுகிற பல மெக்கானிக்குகள் கை பழகியது இதில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்த இரண்டாவது விதத்தை ஒரு தொழிலாகவே செய்யலாம் என்று காட்டியவர்கள் வடக்கே இருந்தார்கள். மும்பையில் அக்‌ஷய் வர்டே தொடங்கிய வர்டெஞ்சி, ஜெய்ப்பூரில் விஜய் சிங் தொடங்கிய ராஜ்புதானா கஸ்டம்ஸ், டெல்லியிலும் பெங்களூரிலும் இன்னும் சில பேர். பெரும்பாலும் புல்லட்டை எடுத்துக்கொண்டு, இன்ஜினை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் கையால் கட்டுவார்கள். புல்லட்டின் வளர்ச்சியோடு இவர்களும் வளர்ந்தார்கள். திருவொற்றியூரில் 1955-ல் ஆரம்பித்த கம்பெனி, 2000 வாக்கில் மூடலாமா என்று யோசிக்கிற நிலையில் இருந்தது. அதே கம்பெனி 2018-19 நிதியாண்டில் எட்டு லட்சத்துக்கும் மேல் வண்டி விற்றது. அத்தனை புல்லட் ரோட்டில் ஒரே மாதிரி ஓடினால், "என் வண்டி மட்டும் வேற மாதிரி இருக்கணும்" என்று நினைக்கிறவன் எங்காவது இருப்பான் அல்லவா? அவன்தான் கஸ்டமர்.

பிறகு காற்று திரும்பியது. 2018 செப்டம்பரில் ஐ.எல் அண்டு எஃப்.எஸ் நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. அதற்கும் மொரப்பூர் மெக்கானிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நிறைய சம்பந்தம். நம்மூரில் டூவீலர் கடன் கொடுப்பதில் பெரும்பங்கு வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுடையது. அவர்கள் கை இறுகியதும் புது வண்டி விற்பனை சரிந்தது. அதே மாதம் முதல் புது டூவீலர் வாங்கும்போதே ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றானது. அடுத்து ஏ.பி.எஸ், அதற்கடுத்து 2020 ஏப்ரலில் பி.எஸ் 6. ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான், ஆனால் ஒவ்வொன்றும் விலையை ஏற்றியது. நடுவில் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. உள்நாட்டு டூவீலர் விற்பனை 2018-19-ல் சுமார் 2 கோடியே 12 லட்சம். 2019-20-ல் 1 கோடியே 74 லட்சம். 2020-21-ல் 1 கோடியே 51 லட்சம். 2021-22-ல் 1 கோடியே 35 லட்சம்தான். மூன்று வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போனது.

புது வண்டி விற்காவிட்டால் பழைய வண்டிக்கு ரிப்பேர் அதிகம் வரும், மெக்கானிக்குக்கு நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. ரிப்பேர் கடைக்கு அது பொருந்தும். பைக் கட்டுகிறவருக்குப் பொருந்தாது. காரணம் அந்தத் தொழிலின் காசு ஓடுகிற விதம்.

ஒரு பைக் கட்ட மாசக்கணக்கில் ஆகும். கஸ்டமர் ஒரு அட்வான்ஸ் கொடுப்பார். அதில் பார்ட்ஸ் வாங்க வேண்டும், லேத்காரருக்கும் குரோம் பிளேட்டிங் போடுகிறவருக்கும் பெயிண்டருக்கும் கொடுக்க வேண்டும், கடை வாடகை, பையன்கள் சம்பளம். அட்வான்ஸ் எப்போதும் பத்தாது. அதனால் இரண்டாவது கஸ்டமரின் அட்வான்ஸில் முதல் வண்டியை முடிப்பார்கள், மூன்றாவது ஆளின் காசில் இரண்டாவது வண்டியை. இது ஏமாற்று வேலை இல்லை, பேங்க் கடன் கிடைக்காத சின்னத் தொழில்கள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. வீடு கட்டுகிற மேஸ்திரியைக் கேட்டால் அவரும் இதே கதையைச் சொல்வார். புது ஆர்டர் வந்துகொண்டே இருக்கிற வரை சக்கரம் சுற்றும். நின்றால், கடைசியாக அட்வான்ஸ் கொடுத்தவரின் வண்டி பாதியில் நிற்கும். அந்த நேரம் பார்த்து அந்தக் கஸ்டமருக்கும் வேலை போயிருக்கும். மிச்சப் பணம் கொடுக்க அவரால் முடியாது, பாதி வண்டியை விற்க இவராலும் முடியாது, ஆர்.சி புக் அவர் பெயரில் அல்லவா இருக்கிறது! ஒரு டேங்கும் இரண்டு சக்கரமும் தார்ப்பாய் போட்டு மூலையில் கிடக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கடை வாடகை.

இதோடு சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கிற விவரங்கள் வண்டியைத் தயாரித்த கம்பெனி சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2000-ல் செய்த திருத்தத்திலிருந்தே இது இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2019 ஜனவரி 9 அன்று கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில், வண்டியை இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். சைலன்சருக்கு ஒன்று, ஹேண்டில்பாருக்கு ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் வண்டி விலையைத் தாண்டிவிடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். பிரேக்கைப் பற்றிக் கவலையே இல்லாமல் முன் ஃபோர்க்கை நீட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் சட்டம் சரி. ஆனால் ஒழுங்காகக் கட்டுகிறவர் தன் வேலையைச் சோதித்துச் சான்று வாங்க நடைமுறையில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தால், சின்னக் கடைக்காரருக்கு எட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. நல்லவனும் கெட்டவனும் ஒரே தடையில் மாட்டிக்கொண்டார்கள்.

பெரிய கம்பெனிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ராயல் என்ஃபீல்டு 2020-ல் "மேக் இட் யுவர்ஸ்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கலர், சீட், கண்ணாடி எல்லாம் போனிலேயே தேர்ந்தெடுத்தால் ஃபேக்டரியிலிருந்தே அப்படி வரும், வாரன்டியோடு, சட்டப்படி. தெருமுனைப் பெயிண்டருக்குப் போக வேண்டிய காசு அங்கே திரும்பியது. நல்ல வியாபார மூளைதான், என்ன சொல்ல.

இந்தக் கதையை அமெரிக்கா பத்து வருஷம் முன்னாடியே பார்த்துவிட்டது. டிஸ்கவரி சேனலில் "அமெரிக்கன் சாப்பர்" பார்த்தவர்களுக்கு அந்த மீசைக்கார அப்பாவும் மகனும் கத்திக்கொள்வது மறந்திருக்காது. 2000-க்குப் பிறகு அந்த நிகழ்ச்சிகள் கிளப்பிய மோகத்தில் அங்கே சாப்பர் கட்டுவது ஒரு இண்டஸ்ட்ரி ஆனது. கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1994-ல் தொடங்கிய பிக் டாக் மோட்டார்சைக்கிள்ஸ், நல்ல காலத்தில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வண்டி தயாரித்தது. ஒவ்வொன்றும் ஒரு கார் விலை. அதை வாங்கியவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் இல்லை. வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போனதால் வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கி பைக் எடுத்த பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் அதில் இருந்தார்கள். 2007-ல் வீட்டு விலை விழ ஆரம்பித்ததும் முதலில் நின்றது இந்தக் கடன்.

டெக்சாஸின் அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் 2008-ல் திவால். பிக் டாக் 2011-ல் பைக் தயாரிப்பை நிறுத்தியது. ஹார்லி டேவிட்சனே 2006-ல் சுமார் 3 லட்சத்து 49 ஆயிரம் வண்டி அனுப்பியது, 2010-ல் 2 லட்சத்து 10 ஆயிரம். 2009-ல் தன்னுடைய ப்யூல் பிராண்டையே இழுத்து மூடியது. டிவி புகழ் ஆரஞ்ச் கவுன்ட்டி சாப்பர்ஸ் சரியாக 2008-ல் கோடிக்கணக்கான டாலர் செலவில் புதுக் கட்டடம் கட்டிக் குடியேறியது, சில வருஷத்தில் அந்தக் கட்டடம் கடன் கொடுத்தவன் கைக்குப் போனது. டிவியில் கட்டியதெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகளின் விளம்பர வண்டிகள், அதனால்தான் அவர்கள் தப்பினார்கள். டிவி இல்லாதவர்கள்? கேட்கவே வேண்டாம்.

சரி, பஞ்ச காலத்தில் பைக்கை மாற்றிக் கட்டுகிற வேலையே செத்துவிடுமா என்றால், இல்லை. இதுதான் சுவாரஸ்யம். அழகுக்காகச் செய்வதுதான் சாகும். பிழைப்புக்காகச் செய்வது கூடும். பெட்ரோல் விலை கடித்த காலத்தில் புல்லட்டில் டீசல் இன்ஜின் வைத்துக் கட்டினார்கள், லிட்டருக்கு மைலேஜ் இரட்டிப்பு. பட்டறைக்காரர்கள் செய்வதைப் பார்த்துத்தானோ என்னவோ, என்ஃபீல்டு கம்பெனியே டாரஸ் என்று ஒரு டீசல் வண்டி விட்டது. சென்னையின் மீன்பாடி வண்டி இன்னொன்று. பழைய ஸ்கூட்டர் இன்ஜினையோ புல்லட் இன்ஜினையோ மூன்று சக்கரத் தட்டு வண்டியில் வைத்து, எந்த டிராயிங்கும் இல்லாமல் கண் மதிப்பில் கட்டியது. பாதுகாப்பு என்று பார்த்தால் பூஜ்யம், அதை மறைக்க வேண்டியதில்லை. குஜராத்தில் இதே மாதிரி புல்லட் முன்பாகத்தை வைத்துக் கட்டிய "சக்டா" அங்கீகாரம் பெற்று, அதைத் தயாரித்த அதுல் ஆட்டோ பங்குச் சந்தை வரைக்கும் போனது. அங்கே ஒரு வழி திறந்தது, இங்கே திறக்கவில்லை. திறமையில் பெரிய வித்தியாசம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மொரப்பூர் மாதிரி ஊரில் தாக்குப்பிடிக்கிற கடைகளைப் பார்த்தாலும் இதுதான் கணக்கு. ஆயில் மாற்றுவது, செயின் ஸ்ப்ராக்கெட், பஞ்சர், எக்ஸெல் கேரியர் என்று தினமும் நூறு இருநூறு கொண்டுவருகிற வேலைதான் முன்னால் நடக்கும். அந்த ஆர்.எக்ஸ் பின்னால் தனியாக நிற்கும், மனசும் நேரமும் இருக்கும்போது கை வைப்பார்கள். பெரிய ஷோரூம் மாதிரி கண்ணாடி போட்டு, கஸ்டம் வேலை மட்டும்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்தவருக்குத்தான் முதல் அடி.

ஆனால் அந்தத் தினசரி வேலையும் மாறிக்கொண்டிருக்கிறது. பி.எஸ் 6 வந்ததும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. காதால் கேட்டு, ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி டியூனிங் வைத்த கைக்கு இப்போது ஸ்கேனர் வேண்டும். கடைக்குக் கற்றுக்கொள்ள வருகிற பையன்களும் குறைந்துவிட்டார்கள். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போனால் மாசம் பிறந்ததும் சம்பளம் கைக்கு வரும்போது, டேங்க் தட்டி எடுக்க மூன்று வருஷம் யார் உட்கார்ந்து கற்பார்கள்? தகரத்தை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டி வளைவு கொண்டுவருகிற ஆள், மாவட்டத்துக்கு எத்தனை பேர் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணலாம்.

பழைய வண்டி வைத்திருப்பதும் செலவாகிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய பைக்குக்கு ஆர்.சி புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 2,000 ஆக்கிவிட்டார்கள். ஆர்.எக்ஸ் 100 எல்லாமே இருபது வருஷத்தைத் தாண்டியவைதான். புதுப்பிக்க ஆர்.டி.ஓ முன்னால் வண்டியைக் காட்ட வேண்டும், அதுவும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே. அதனால் வெட்டி எறிந்த ஒரிஜினல் மட்கார்டுக்கும் சைலன்சருக்கும் திடீரென்று விலை வந்துவிட்டது. விவரமான கடைக்காரர்கள் பழைய ஒரிஜினல் செட் ஒன்றைப் பரணில் பத்திரமாக வைத்திருப்பார்கள். வண்டியைக் காட்டுவதற்கு முதல் நாள் அதை மாட்டிக்கொடுக்க ஒரு கூலி. புதுப்பித்துத் திரும்பி வந்ததும் கழற்றிவிட்டுப் பழையபடி கட்ட இன்னொரு கூலி.