பாம்புக்கு வெந்நீர் பாட்டில்

மார்கழி பிறந்தால் எங்கள் வைக்கப்படப்புக்கு ஒரு விருந்தாளி வந்துரும். சாரைப்பாம்பு. ஆறடிக்குக் குறையாது. கார் அறுப்பு வைக்கோலைத் தொழுவுக்குத் தெக்கே படப்பு போட்டிருக்கிறேன். காலையில் எட்டு மணி வாக்கில் வெயில் அதன் கிழக்குப் பக்கம் விழும்போது, உள்ளே இருந்து தலையும் ஒரு முழம் உடம்பும் மட்டும் வெளியே வரும். மிச்ச உடம்பு வைக்கோலுக்குள்ளேயே கிடக்கும். வெயில் ஏற ஏற இன்னும் கொஞ்சம் நீட்டும், சூடு போதும் என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மாட்டுக்கு வைக்கோல் உருவப் போகும்போது நான் ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் போவேன். அதுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

பாளையங்கோட்டையில் என்ன பெரிய குளிர் என்று சென்னை, பெங்களூர்க்காரங்க சிரிப்பீங்க. வாஸ்தவம்தான். ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே நாங்கள் தலையில் துண்டைக் கட்டிவிடுவோம். ஆனால் பாம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. நமக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு எரியுது. அதுக்கு அடுப்பு கிடையாது. வெளியே இருக்கிற சூட்டை வாங்கித்தான் ஓட, இரை பிடிக்க, பிடித்ததைச் செரிக்க முடியும். சாயங்காலம் தார் ரோட்டில் பாம்பு நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. பகல் பூரா வெயில் குடித்த ரோடு இருட்டின பிறகும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்கு வந்து படுத்துத்தான் பல பாம்பு சாகுது.

இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது இல்லை. கொஞ்சம் பார்த்துத் தெரிந்தது, கொஞ்சம் ஒரு பாம்பைக் கொன்று தெரிந்தது. அந்தக் கதையைப் பல வருசம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். 2013 டிசம்பரில் ஒரு பொடியனிடம் சொல்ல வேண்டி வந்தது.

என் அக்கா மகன் கனடாவில் டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அவன் பையனுக்கு அப்போது பதினோரு வயது. பிறந்தநாளுக்குப் பாம்பு வேணும் என்று கேட்டு, ஒரு கார்ன் ஸ்நேக் வாங்கி வளர்த்தான். அமெரிக்காவில் சோளக் குதிர்ப் பக்கம் எலி பிடித்துத் தின்னுகிற இனம், விஷம் கிடையாது. நம்ம சாரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க, ஆனால் பார்க்க ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும். என் மருமவனுக்குச் சின்ன வயசிலேயே தண்ணிப்பாம்பைக் கண்டால் வரப்பை விட்டு வயலுக்குள் குதிக்கிற பயம். அவன் வீட்டில் பாம்பு என்றதும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாம்பு வளர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978ல் ஆரம்பித்தது. அவங்களே அனுமதி வாங்கித்தான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிக்கிறாங்க. விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுருவாங்க. அதுவரைக்கும் மண்பானைக்குள் வைத்து, பானை வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பாங்க. மண்பானை சீக்கிரம் சுடாது, சீக்கிரம் குளிரவும் செய்யாது. அந்தத் துணி கட்டின பானையைப் பார்த்தது பின்னால் ஒரு நாள் உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த வருசம் டிசம்பர் 21 சனிக்கிழமை ராத்திரி டொரண்டோவில் ஐஸ் மழை. மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மரக்கிளை எல்லாம் கண்ணாடி பூசினது போல் கனத்து, முறிந்து கரண்டு கம்பி மேல் விழுந்திருக்கிறது. டொரண்டோவில் மட்டும் மூணு லட்சம் இணைப்புக்குக் கரண்டு போச்சு. எங்களுக்குத் திங்கட்கிழமை காலை, மார்கழி எட்டு. பாலை ஊற்றிவிட்டு வந்து செம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அங்கே ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி.

"மாமா, கரண்டு போயி ஒரு நாளாச்சு. ஹீட்டர் ஓடல. வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கோம். கரண்டு இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குக் கெளம்பலாம்னா, இவன் வர மாட்டேங்கான். பாம்ப விட்டுட்டு வர மாட்டானாம். அவங்க பாம்பக் கொண்டு வரக் கூடாதுங்காவ."

"சரி, நான் என்ன செய்யணும்?"

"நீங்க சொன்னா கேப்பான். பாம்புக்குக் குளிரு ஒண்ணும் செய்யாது, நம்மூர்ல பாம்பெல்லாம் பனியிலதான கெடக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா."

அவன் கஷ்டம் அவனுக்கு. வீட்டில் கைக்குழந்தை வேற இருந்தது. நானும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பையன் போனை வாங்கி, "தாத்தா, அப்பா சொல்றது உண்மையா?" என்று கேட்டான். அழுதிருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

"எப்பல இரை போட்ட?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ஈவ்னிங். ஒரு எலி."

அதோடு எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வயிறு காலியாக இருந்தால் அந்த மாதிரிப் பாம்பு கொஞ்சம் குளிரைத் தாங்கி மந்தமாகக் கிடக்கும். எலி தின்ன பாம்புக்குச் சூடு வேணும். சூடு இல்லாவிட்டால் எலி செரிக்காமல் உள்ளேயே அழுகும், கக்கும், சில நேரம் செத்தும் போகும். பையனிடம் அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் மருமவன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

"அப்போ கேஸ் அடுப்புல சூடு பண்ணி, கல்லு மேல வைக்கட்டா தாத்தா?" என்றான்.

அங்கேதான் எனக்குப் பழசு எல்லாம் வந்துவிட்டது.

1992 நவம்பர் 13, தாமிரபரணி வெள்ளம். எங்க பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதி மறக்காது. வெள்ளம் வடிந்த ரெண்டாம் நாள், எங்க திண்ணை ஓரம் ஒதுங்கின செத்தைக்குள்ளே ஒரு சாரை. பொந்து எல்லாம் தண்ணீர், உடம்பெல்லாம் சகதி. குச்சியால் தொட்டால்கூட மெதுவாகத்தான் நெளிந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. பாவமாக இருந்தது. வெளியே வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல் சூடேறிக் கிடந்தது. கம்பால் தூக்கி அது மேல் விட்டேன். குளிர் காயட்டும், தெம்பு வந்தால் போய்விடும், சூடு அதிகமானால் நகர்ந்துக்கும் என்று நினைத்து, மாட்டைப் பார்க்கப் போனேன்.

அது நகரவில்லை. அரைமணி கழித்து வந்தபோது அதே கல்லில் அப்படியே கிடந்தது. வயிற்றுச் செதில் வெந்து வெளிறிப் போயிருந்தது. அது விறைத்துக் கிடந்த பாம்பு, சுடுது என்று உடனே எழுந்து ஓட அதால் முடியாது.  எங்க அய்யா வந்து பார்த்தார். ஏசவில்லை. "பக்கத்துல குளுந்த எடம் ஒண்ணு வச்சியாலே?" என்று மட்டும் கேட்டார். ரெண்டு நாள் கழித்து உரக்குழி ஓரம் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

இதைப் பையனிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தாத்தா, அப்போ என்ன பண்ணணும்?" என்றான். அழுகை நின்றிருந்தது.

படப்பில் சாரை எப்படிக் கிடக்கும் என்பதைத்தான் சொன்னேன். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் சூடு இல்லை, நடுவில் இருட்டு. பாம்பே இடம் பார்த்துக்கொள்ளும். பாம்பைத் தூக்கி விளையாடாதே, தின்ன பாம்பைக் கையாண்டால் கக்கிவிடும். பருத்தித் தலையணை உறைக்குள் மெதுவாக விட்டு வாயைக் கட்டு. கொஞ்சம் பெரிய உறையாக இருக்கட்டும், உள்ளே அது நகர இடம் வேணும். சாப்பாடு குளுந்து போகாமல் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் அந்த உறையை வை. மூடியில் காற்றுக்கு ஓட்டை போடு. தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டை ரெண்டு மடிப்பாகச் சுற்று. உன் கன்னத்தில் வைத்துப் பார், உனக்கு இதமாக இருந்தால் போதும், சுட்டால் வேணாம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வை, மறு ஓரம் சும்மா இருக்கட்டும். ஆறினால் மாற்று.

அவங்க கேஸ் அடுப்பைத் தீக்குச்சியில் பற்ற வைக்க முடிந்தது, அது ஒரு அதிர்ஷ்டம். கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வந்துராதே என்று மருமவனிடம் சொன்னேன். மூடின வீட்டில் அந்தப் புகை ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ரேடியோவிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். கோபத்தில் இருந்தான், "நல்ல ஆளுகிட்ட கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்னைக்கு ராத்திரி அவன் மனைவியும் கைக்குழந்தையும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அப்பனும் மகனும் பாம்போடு அங்கேயே இருந்துவிட்டார்கள். பையன் பத்து மணிக்கே தூங்கிவிட்டான். மூணு மணிக்கு ஒருதரம் எழுந்து பாட்டில் மாற்றியது யார் என்றால், தண்ணிப்பாம்புக்கு வயலில் குதித்த என் மருமவன்தான். ரெண்டாம் ராத்திரி பெட்டியைத் தன் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தானாம். உறைக்குள் அது நகர்ந்து நகர்ந்து பாட்டில் பக்கம் போவதும், பிறகு இந்தப் பக்கம் வருவதும் விலாவில் தெரியுது மாமா என்றான். நான் பயமா இருந்துதா என்று கேட்டேன். "பயந்தான். ஆனா அதுக்கு வேற யாரு இருக்கா" என்றான்.

அவங்க தெருவுக்கு வியாழக்கிழமை கரண்டு வந்தது. ஒரு வாரம் கழித்து, புத்தாண்டு அன்றைக்கு, நம்ம ஊருக்கு ராத்திரி ஏழு மணி இருக்கும், போன் வந்தது. பையன்தான். ஹாப்பி நியூ இயர்கூடச் சொல்லவில்லை.

"தாத்தா, அது ஆய் போயிட்டு! எலி முடியெல்லாம் வந்துட்டு!"

பின்னால் அவன் அப்பன் சிரிக்கிற சத்தம் கேட்டது.